செல்லாத அடையாள எண்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

கர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேசும் எந்த நிரலுக்கும் "ஆள் இல்லை", "எண் இன்னும் தரப்படவில்லை" என்று சொல்ல ஓர் எண் வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் -1ஐப் பிடித்து அந்த வேலைக்கு வைத்துவிடுகிறார்கள். யூஐடி (பயனர் எண்), பிஐடி (ஓடும் செயல்முறையின் எண்), ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பின் எண்), நம் டிரைவரில் நாமே உண்டாக்கிய ஏதோ ஓர் ஐடி, எதுவானாலும் கதை ஒன்றுதான். இந்த வகைப் பிழைகளைத் திரும்பத் திரும்பத் தோண்டியதில் நான் கண்டது: கோளாறு அநேகமாக இரண்டில் ஒரு இடத்தில் இருக்கும். அந்த -1 ஓர் அகலத்தில் (எத்தனை பிட் என்பதில்) பிறந்து வேறோர் அகலத்தில் ஒப்பிடப்பட்டிருக்கும். அல்லது ஓர் அடுக்கில் "யாருமில்லை" என்ற பொருளில் வைத்த எண்ணை அடுத்த அடுக்கு "மாற்றாதே" என்றோ "எல்லாருக்கும்" என்றோ படித்திருக்கும்.

இங்கே சொல்வது லினக்ஸுக்கு. நடுவில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் விண்டோஸ் வரும்.

எதையும் திருத்தப் போவதற்கு முன், கண்ணில் பட்ட எண் இவற்றில் ஒன்றா என்று பாருங்கள். எதிர்ம எண்ணைக் குறியில்லாத (அன்சைன்ட்) எண்ணாகப் படித்தால் இப்படித்தான் தெரியும்:

- 65535: 16 பிட்டில் -1
- 65534: 16 பிட்டில் -2, இன்று "நோபடி" என்ற பயனரின் எண்
- 4294967295: 32 பிட்டில் -1
- 4294967294: 32 பிட்டில் -2
- 18446744073709551615: 64 பிட்டில் -1

இவற்றில் ஒன்றென்றால் அது யாருடைய உண்மையான எண்ணும் அல்ல என்று வைத்துக்கொண்டு, கீழே பொருந்தும் அறிகுறிக்குப் போங்கள்.

## ஆடிட் பதிவில் 4294967295 என்று ஒரு பயனர்

பதற வேண்டாம், பாதி நேரம் இது கோளாறே இல்லை. ஆடிட் என்பது யார் என்ன செய்தார் என்று கர்னல் வைக்கும் பதிவு; அதில் ஏயூஐடி என்ற இடத்தில் வருவது முதலில் உள்நுழைந்த ஆளின் எண். இயந்திரம் எழும்போதே ஓடத் தொடங்கிய டீமன்களுக்கு, அதாவது பின்னணி நிரல்களுக்கு, அப்படி ஓர் ஆள் கிடையாது, ஆகவே அங்கே -1 நிற்கிறது. ஆடிட் தேடல் கருவியிடம் எண்களைப் பெயராக மாற்றிக் காட்டச் சொன்னால் அதே இடத்தில் "அன்செட்" என்று வரும். செஷன் எண்ணுக்கும் இதே வழக்கம்தான்.

ஒரு மனிதர் உள்ளே வந்து தட்டிய கட்டளைக்கும் இப்படி வந்தால்தான் வேலை இருக்கிறது.

முதலில் அதே ஷெல்லில் /புராக்/செல்ஃப்/லாகின்யூஐடி கோப்பைப் படித்துப் பாருங்கள். உங்கள் எண் வந்தால் அந்த வழியில் குறை இல்லை. அந்தப் பதிவு வேறு செயல்முறையுடையது. 4294967295 வந்தால் அந்த ஷெல் கன்டெய்னருக்குள் (தனியாகப் பிரித்து வைத்த சூழல்) ஓடுகிறதா என்று பாருங்கள். டீமன் வழியாகக் கன்டெய்னருக்குள் திறந்த ஷெல், டீமனின் பிள்ளை. நீங்கள் யார் என்பது அதற்குத் தெரியாது. கன்டெய்னரும் இல்லையென்றால் உள்நுழைவைக் கவனிக்கும் பிஏஎம் அமைப்பில் லாகின்யூஐடியை வைக்கும் தொகுதி விட்டுப்போயிருக்கிறது. எஸ்எஸ்எச்சுக்கு ஒரு கோப்பு, திரை உள்நுழைவுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக இருப்பதால் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போவது சகஜம்.

இதே இடத்தில் இன்னொரு பொறி உண்டு. "ஏயூஐடி 1000 அல்லது அதற்கு மேல்" என்று விதி எழுதினால் டீமன்களும் அதில் விழும். ஏனென்றால் 4294967295 ஆயிரத்தைவிடப் பெரியது. பதிவு திடீரென்று பல மடங்கு பெருத்தால் முதலில் இதைப் பாருங்கள். "அன்செட் அல்லாதவை" என்ற நிபந்தனையையும் கூடவே சேர்க்க வேண்டும்.

பல மாதப் பதிவுகளில் மனிதர்களின் எண் விழவே இல்லை என்று தெரியவந்தால், அமைப்பைத் திருத்துவதோடு நிறுத்தாமல் தணிக்கைக்குப் பொறுப்பானவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய பதிவுகளை நீங்களாகத் தொடாதீர்கள்.

## சௌன் வெற்றி என்கிறது, உரிமையாளர் மட்டும் மாறவில்லை

எனக்கு அதிகம் பிடித்த பிழை இது, கண்டுபிடித்த பிறகு மட்டும். நிரல் சௌனை (கோப்பின் உரிமையாளரை மாற்றும் அழைப்பு) அழைக்கிறது, கர்னல் 0 திருப்புகிறது, கோப்பு பழைய ஆளிடமே இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

எஸ்ட்ரேஸ் (நிரல் கர்னலுக்கு விடும் அழைப்புகளைக் காட்டும் கருவி) வைத்து ஓட்டுங்கள். சௌனுக்குப் போன பயனர் எண் -1 என்று தெரிந்தால் முடிந்தது. சௌனுக்கு -1 என்றால் "இந்தப் புலத்தைத் தொடாதே" என்று பொருள். குழுவை மட்டும் மாற்ற வேண்டியவர்களுக்காக வைத்த வசதி அது. உங்கள் நிரலோ பெயரைத் தேடி, கிடைக்காமல் -1ஐத் தன் "இல்லை" அடையாளமாக வைத்து, அதையே கர்னலிடம் நீட்டியிருக்கிறது. எஸ்ட்ரேஸ் இல்லாத இடத்தில் ஸ்டாட் (கோப்பின் விவரம் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள்: உரிமையாளர் மாறாமல் சிடைம் (கோப்பின் விவரம் கடைசியாக மாறிய நேரம்) மட்டும் இப்போதைய நேரத்துக்கு வந்திருந்தால், அழைப்பு போயிருக்கிறது, ஆனால் வெறுங்கையோடு.

காரணங்களைச் சுலபமானதிலிருந்து பார்ப்போம்:

- பயனர் பெயரில் எழுத்துப்பிழை. பெயரைக் கெட்என்ட் கட்டளையில் போட்டுப் பாருங்கள்.
- கன்டெய்னருக்குள் இருக்கும் பாஸ்வர்டு கோப்பில் அந்தப் பயனரே இல்லை.
- பெயர்த் தேடல் வலையமைப்பு வழியாகப் போகிறது; அந்த நேரத்தில் சர்வர் பதில் தரவில்லை. "இல்லை", "தெரியவில்லை" இரண்டையும் நிரல் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கும். இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் மறுமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

திருத்தம் ஒரே வரிதான். கர்னலை அழைக்கும் முன் எண் செல்லுமா என்று பார்த்து, செல்லாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டளை வரியில் இருக்கும் சௌன் அப்படித்தான் செய்கிறது. அதனிடம் 4294967295ஐக் கொடுத்தால் பயனர் செல்லாது என்று சொல்லித் திருப்பிவிடும்.

சௌனில் இது எரிச்சலோடு போய்விடும். செட்ரெஸ்யூஐடியில் (செயல்முறையின் பயனர் எண்களை மாற்றும் அழைப்பு) அது பாதுகாப்புப் பிரச்சினை. அங்கேயும் -1 என்றால் "இப்போதிருப்பதை மாற்றாதே". ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனர்) ஓடும் நிரல் தன் அதிகாரத்தைக் கழற்றப் போய் -1ஐக் கொடுத்தால் வெற்றி என்ற பதிலோடு ரூட்டாகவே தொடரும். சுடோவில் (வேறு பயனராகக் கட்டளை ஓட்டும் கருவி) 2019 அக்டோபரில் வெளியான சிவிஇ-2019-14287 என்ற பாதுகாப்பு ஓட்டை இதே சங்கதிதான். "ரூட்டைத் தவிர யாராக வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று அனுமதி பெற்றவர், பயனர் எண்ணாக -1 அல்லது 4294967295 கொடுத்து ரூட்டாகவே ஓட்ட முடிந்தது. 1.8.28 பதிப்பில் அடைத்தார்கள். அதற்கு முந்தைய பதிப்பு இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், திருத்தம் பின்னிழுத்துச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று விநியோகத்தின் மாற்றக் குறிப்பில் பாருங்கள்.

எளிய செட்யூஐடியின் குணம் வேறு, -1 வந்தால் பிழை தந்துவிடும். ஒன்றை மாற்றி மற்றதை வைத்து "மேம்படுத்தும்போது" இந்த வேறுபாடுதான் காலை வாரும்.

அதிகாரம் கழற்றும் நிரலில் இந்த ஓட்டை கண்ணில் பட்டால், சத்தமில்லாமல் திருத்தி அடுத்த பதிப்பில் தள்ளிவிடாதீர்கள். பாதுகாப்புக் குழு இருந்தால் முதலில் அவர்களிடம் போகட்டும். ஏற்கெனவே யாராவது பயன்படுத்தினார்களா என்று பார்க்க வேண்டியது அவர்கள் வேலை.

## எல்லாக் கோப்புகளும் நோபடிக்குச் சொந்தம், அதாவது 65534

இங்கே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது: வட்டிலேயே 65534 எழுதியிருக்கிறதா, அல்லது பார்ப்பவருக்கு மட்டும் அப்படித் தெரிகிறதா? யூசர் நேம்ஸ்பேஸுக்குள் (உள்ளே ஒரு பயனர் எண், வெளியே வேறொன்று என்று வரைபடம் வைத்திருக்கும் சூழல்) இருந்து பார்க்கும்போது, வரைபடத்தில் இல்லாத எந்த எண்ணையும் கர்னல் 65534 என்று காட்டும். /புராக்/சிஸ்/கர்னல் அடியில் ஓவர்ஃப்ளோயூஐடி என்ற கோப்பில் அந்த எண் இருக்கும். வழக்கமாக யாரும் மாற்றுவதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் சரியான எண் தெரிகிறது. அப்படியானால் கோப்பில் குறை இல்லை, வரைபடத்தில்தான். /புராக்/செல்ஃப்/யூஐடி_மேப்பைத் திறந்தால் மூன்று எண்கள் இருக்கும்: உள்ளே தொடக்கம், வெளியே தொடக்கம், எத்தனை. கன்டெய்னர் எதுவும் இல்லாத சாதாரண ஷெல்லில் அது 0, 0, 4294967295 என்று இருக்கும். அந்த மூன்றாவது எண் எண்ணிக்கை என்பதைக் கவனித்தால் ஓர் அழகு புரியும்: 0 முதல் 4294967294 வரை எல்லாம் உண்டு, கடைசி ஒன்று மட்டும் வேண்டுமென்றே வெளியே விடப்பட்டிருக்கிறது. செல்லாத எண்ணுக்கு வரைபடத்திலேயே இடம் கிடையாது.

வெளியிலும் 65534தான். வட்டில் உண்மையிலேயே எழுதிவிட்டார்கள். என்எஃப்எஸ் (வலையமைப்பு வழி) பகிர்வென்றால் ரூட் ஸ்குவாஷைப் பாருங்கள். கிளையன்ட்டில் ரூட்டாக உருவாக்கிய கோப்புகள் சர்வரில் இந்த எண்ணோடு விழுவது அதன் இயல்பான நடத்தை. பகிர்வு நான்காம் பதிப்பாக இருந்து, கிளையன்ட்டில் மட்டும் நோபடி என்று தெரிந்தால், ஐடிமேப் அமைப்புக் கோப்பில் டொமைன் வரி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, திருத்தி, பழைய சேமிப்பையும் காலி செய்யுங்கள்.

கன்டெய்னருக்குள்ளிருந்து எடுத்த பேக்கப்பை மீட்டதும் இப்படி ஆனது. இதுதான் வலிக்கும். உள்ளே இருந்து டார் காப்பகம் எடுத்தவருக்குத் தெரிந்தது 65534. அதையே அவர் காப்பகத்தில் எழுதினார். மீட்டபோது அது நிஜமாகிவிட்டது. உண்மையான உரிமையாளர் யார் என்ற தகவல் அந்தக் காப்பகத்தில் இல்லை. வேறு பழைய பேக்கப் இருக்கிறதா, தொகுப்பு மேலாளரின் தரவுத்தளத்திலிருந்து மீட்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஊகித்து மொத்தமாகச் சௌன் அடிக்காதீர்கள். முதலில் இப்போதைய நிலையை ஒரு பட்டியலாக எடுத்து வைத்துவிட்டு, பேக்கப்புக்குப் பொறுப்பானவரை அழையுங்கள்.

## கன்டெய்னர் படிமம் விரியும்போது "இன்வாலிட் ஆர்கியுமென்ட்"

ரூட் இல்லாமல் ஓட்டும் கன்டெய்னர்களில் வழக்கமாக வருவது. படிமத்துக்குள் (கன்டெய்னருக்கான கோப்புகளின் மூட்டை) ஏதோ ஒரு கோப்பின் உரிமையாளர் எண் உங்களுக்குக் கொடுத்த வரம்புக்கு வெளியே இருக்கிறது. அந்த வரம்பை வைக்கும் சப்யூஐடி கோப்பில் வழக்கமாக ஒருவருக்கு 65536 எண்கள்தான். படிமத்தைக் கட்டியவரின் எண் பல லட்சத்தில் இருந்தால் அதை உள்ளே வரைய இடமில்லை. வரைய முடியாத எண் கர்னலுக்குள் செல்லாத எண்ணாகிறது, சௌன் தோற்கிறது.

எந்தக் கோப்பு என்பது பிழைச் செய்தியிலேயே இருக்கும். படிமத்தைத் திருத்த முடிந்தால் அந்த எண்ணைச் சிறியதாக்குவது எளிது. முடியாவிட்டால் சப்யூஐடி, குழுக்களுக்கான சப்ஜிஐடி இரண்டிலும் வரம்பைக் கூட்டுங்கள். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு மற்றதை மறப்பது வாடிக்கை. கன்டெய்னர் கருவி பாட்மேன் என்றால் அதற்கப்புறம் சிஸ்டம் மைக்ரேட் கட்டளையையும் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய வரைபடமே நீடிக்கும். பலர் பயன்படுத்தும் இயந்திரத்தில் வரம்பைக் கூட்டும்போது அடுத்தவர் வரம்போடு மோதாமல் பார்ப்பது நிர்வாகியின் பொறுப்பு, அவரிடமே விட்டுவிடுங்கள்.

இதற்கு ஒரு பங்காளி உண்டு: புதுக் கோப்பு உருவாக்கும்போது "வேல்யூ டூ லார்ஜ் ஃபார் டிஃபைன்ட் டேட்டா டைப்". ஐடி வரைபடம் போட்டு ஏற்றிய மவுன்ட்டில் (5.12 கர்னலிலிருந்து உண்டு) உங்கள் எண்ணுக்கு இணை இல்லாவிட்டால் இது வரும். செய்தி தவறான பக்கம் கைகாட்டுகிறது, கோப்பின் அளவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம். 32 பிட் நிரல் பெரிய ஐநோட் எண் (கோப்பின் உள் எண்) உள்ள கோப்பையோ பெரிய கோப்பையோ ஸ்டாட் செய்தாலும் இதே வாசகம்தான். தோற்ற அழைப்பு ஸ்டாட்டா, திறப்பதா என்று எஸ்ட்ரேஸில் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

## பேக்கப் வட்டு நிரம்புகிறது, லாஸ்ட்லாக் 1.2 டெராபைட் என்கிறது

பழைய 64 பிட் விநியோகங்கள் சிலவற்றில் என்எஃப்எஸ்நோபடி என்ற பயனருக்கு 4294967294 என்று எண் கொடுத்திருந்தார்கள். லாஸ்ட்லாக் கோப்போ (ஒவ்வொருவரும் கடைசியாக உள்நுழைந்த பதிவு) பயனர் எண்ணையே இருப்பிடமாக வைத்து எழுதப்படுவது. ஒரு பதிவு 292 பைட். 292ஐ 4294967295ஆல் பெருக்குங்கள், அந்த 1.2 டெராபைட் வந்துவிடும்.

உண்மையில் அந்தக் கோப்பு வட்டில் சில கிலோபைட்தான் பிடித்திருக்கும், மீதியெல்லாம் எழுதப்படாத ஓட்டை. டியூ கட்டளை உண்மையைச் சொல்லும். ஓட்டையைப் புரிந்துகொள்ளாத பேக்கப் கருவி மட்டும் பூஜ்யங்களை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும். ஒரு முறை இரவெல்லாம் இதற்காக வட்டு வாங்குவது பற்றிப் பேசிவிட்டு, விடிந்த பிறகுதான் யாரோ டியூ போட்டுப் பார்த்தோம். கருவியில் ஓட்டையை எழுதாமல் விடும் ஸ்பார்ஸ் விருப்பத்தைப் போடுங்கள், அல்லது அந்தக் கோப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வட்டு வாங்க வேண்டாம்.

## "செல்லாத எண்ணா" என்ற சோதனை ஒருநாளும் வேலை செய்வதில்லை

நிரலில் சோதனை இருக்கிறது, எண்ணும் செல்லாததுதான், ஆனால் அந்தக் கிளைக்குள் ஓட்டம் போவதே இல்லை. அகலத்தைப் பாருங்கள். சி மொழியில்:

16 பிட் அன்சைன்ட் மாறியில் -1ஐ வைத்து, அதை -1ஓடு ஒப்பிட்டால் பதில் எப்போதும் "இல்லை". ஒப்பிடும் முன் மாறி இன்ட்டாக (குறியுள்ள, அகலமான எண்) விரிகிறது, 65535 ஆகிறது, -1 ஆகவில்லை.

32 பிட் அன்சைன்ட்டில் அதே ஒப்பீடு "ஆம்" என்று வரும். இம்முறை -1தான் அன்சைன்ட் ஆக மாறி 4294967295 ஆகிறது. இங்கே வேலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் 16 பிட்டிலும் 64 பிட்டிலும் அதையே எழுதுகிறார்கள்.

64 பிட் மாறிக்குள் 32 பிட் செல்லாத எண்ணை ஊற்றினால் மறுபடியும் "இல்லை". உள்ளே இருப்பது 4294967295, ஒப்பிடுவது 18446744073709551615ஓடு.

பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று அன்சைன்ட் மாறியிடம் கேட்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதல் வேலை: ஜிசிசி கம்பைலரின் கூடுதல் எச்சரிக்கைகளை, குறிப்பாக டைப்-லிமிட்ஸை, இயக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள். 16 பிட் ஒப்பீடும் பூஜ்ய ஒப்பீடும் அதிலேயே மாட்டும். 64 பிட் ஊற்றல் மாட்டாது, அதற்குக் கண்தான். எண் எந்தெந்த ஸ்ட்ரக்ட் (பல புலங்கள் சேர்ந்த அமைப்பு) வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அகலத்தைக் குறியுங்கள். அகலம் மாறும் வரியில்தான் பிழை இருக்கும்.

அப்புறம் ஈனம், அதாவது பெயரிட்ட மதிப்புகளின் வகை. செல்லாத மதிப்பாக -1ஐ ஈனத்துக்குள் ஒரு உறுப்பாகச் சேர்த்தால், ஜிசிசியில் அந்த ஈனம் முழுதும் அன்சைன்ட்டிலிருந்து சைன்ட்டாக மாறிவிடும். நேற்றுவரை சரியாக இருந்த வரம்புச் சோதனைகள் எதிர்ம எண்ணை உள்ளே விடத் தொடங்கும். யாரோ ஹெடரில் ஒரே ஒரு வரி சேர்த்த மறுநாள் பிழை வந்தால் இங்கே பாருங்கள்.

திருத்தம்: செல்லாத மதிப்பை ஒரே இடத்தில், சரியான டைப்புக்குக் காஸ்ட் செய்து வரையறுத்து, ஒப்பிடுவதற்கு ஒரு சின்னச் செயல்கூறும் எழுதி, மற்ற எல்லாரும் அதன் வழியாகவே போகும்படி செய்யுங்கள். கர்னலே பட்டுத் திருந்திய வழி இது. 2012இல் வந்த 3.5 பதிப்பில், யூசர் நேம்ஸ்பேஸ் வேலையின்போது, உள்ளே புழங்கும் யூஐடியை வெறும் எண்ணாக வைக்காமல் ஸ்ட்ரக்ட்டுக்குள் போட்டுக் கேயூஐடி ஆக்கினார்கள். வெறும் எண்ணோடு ஒப்பிட்டால் கம்பைலே ஆகாது. செல்லுமா என்று கேட்க யூஐடி_வாலிட் என்ற செயல்கூறு இருக்கிறது. எழுதும்போது அலுப்பாக இருக்கும். நான் அதை எதிர்த்து வாதாடிய காலமும் உண்டு.

## முதல் சாதனம் மட்டும் காணவில்லை. அல்லது உள்ளீடு எங்கிருந்தோ வருகிறது

இரண்டும் ஒரே நோய்: பூஜ்யத்தை "இல்லை" என்று எடுத்துக்கொண்டது.

டிரைவரில். ஐடிஏ, எக்ஸ்அரே போன்ற எண் வழங்கிகள் இயல்பாக 0விலிருந்து தொடங்கும். உங்கள் இடைமுகம் 0வை "தரப்படவில்லை" என்று படித்தால், முதலில் வந்த சாதனம் இருந்தும் இல்லாதது. வழங்கியை 1இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எக்ஸ்அரேயில் அதற்கென்றே ஒரு கொடி உண்டு. மேல் எல்லையையும் பாருங்கள். முழு 32 பிட் வரம்பைக் கொடுத்துச் சுழற்சி முறையில் எண் வழங்கினால், நீண்ட நாள் ஓடிய இயந்திரத்தில் ஒருநாள் 4294967295ஐயும் அது நல்ல எண்ணாகத் தூக்கிக் கொடுத்துவிடும். 31 பிட் வரம்பு போதும். எதிர்மப் பக்கம் பிழை எண்களுக்குக் காலியாக இருக்கும்.

பயனர் நிரலில். ஸ்ட்ரக்ட்டை மெம்செட்டால் பூஜ்யமாக்கினார்கள், அதனுள் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர். திறக்காமலே வெளியேறும் பாதையில் சுத்தம் செய்யும் வரி குளோஸ் 0 என்று அழைத்தது. போனது ஸ்டான்டர்டு இன்புட், நிரலின் வழக்கமான உள்ளீடு. அடுத்து எதைத் திறந்தாலும் அதற்கு 0 கிடைக்கும், ஒரு சாக்கெட்டுக்கே கிடைக்கலாம். சோதனை எளிது: ஓடும் செயல்முறையின் /புராக் அடைவில் எஃப்டி பட்டியலைப் பாருங்கள். 0வுக்கு எதிரே டெர்மினலோ, பைப்போ, /டெவ்/நல்லோ இல்லாமல் விசித்திரமாக ஏதாவது இருந்தால் இதுதான். தொடக்க மதிப்பை -1 ஆக்குங்கள். சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் நிரல் மூலத்தில் -1க்குப் பதிலாக ஈபேட்எஃப் பிழையின் எதிர்ம மதிப்பை, அதாவது -9ஐ வைக்கிறார்கள். தவறி அந்த எண்ணையே பிழையாகத் திருப்பினாலும் "கெட்ட டிஸ்கிரிப்டர்" என்று சரியான செய்தி வரும். -1ஐத் திருப்பினால் "அனுமதி இல்லை" என்று வந்து, தேவையில்லாமல் உரிமைகளைத் துழாவ வைக்கும்.

புது சிஸ்டம் காலில் (கர்னல் அழைப்பில்). அளவு வளரக்கூடிய ஸ்ட்ரக்ட்டைக் கர்னல் வாங்கும்போது, பழைய நிரல் அனுப்பாத புலங்களைப் பூஜ்யத்தால் நிரப்பிக்கொள்கிறது. ஆக அங்கே பூஜ்யம்தான் "தரப்படவில்லை". -1 என்று நீங்கள் முடிவு செய்தாலும் பழைய நிரலுக்கு அது தெரியாது. புலமோ ஃபைல் டிஸ்கிரிப்டர், அதில் 0 செல்லும் எண். செயல்முறை உருவாக்கும் குளோன்3இல் இதற்குக் கண்ட வழி நல்ல வழி: சிகுரூப் (செயல்முறைகளுக்கு வரம்பு வைக்கும் குழு) டிஸ்கிரிப்டர் புலம் செல்லுமா என்பதைத் தனி ஃபிளாக் சொல்கிறது (5.7 பதிப்பில் வந்தது). ஃபிளாக் இல்லையென்றால் புலத்தில் என்ன இருந்தாலும் கர்னல் பார்ப்பதில்லை. செல்லாத எண்ணே தேவையில்லாமல் போகிறது.

## ஒரு நிரலை நிறுத்தப் போய் எல்லாம் நின்றுவிட்டது

ஃபோர்க் (புதுச் செயல்முறை உருவாக்கும் அழைப்பு) தோற்றால் -1 தரும். அதைப் பிஐடி என்று பத்திரமாக வைத்துக்கொண்டு, பிறகு கில் அழைத்தால், கில்லுக்கு -1 என்றால் "நான் சிக்னல் அனுப்ப அனுமதியுள்ள எல்லாருக்கும்". ரூட்டாக ஓடினால் 1ஆம் செயல்முறையும் அழைத்தவரும் தவிர மொத்தமும் போகும். சரி, 0 வைக்கலாமா என்றால் அது சொந்தச் செயல்முறைக் குழு முழுவதற்கும். கில்லைப் பொறுத்தவரை இரண்டுமே "யாருமில்லை" அல்ல.

பிஐடி பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று கில்லுக்கு முந்தைய வரியில் பாருங்கள், வேறெங்கோ பார்த்ததை நம்பாதீர்கள். பிறகு ஃபோர்க் ஏன் தோற்றது என்று தேடுங்கள், பயனருக்கான செயல்முறை வரம்போ சிகுரூப்பின் பிஐடி வரம்போ நிரம்பியிருக்கும். 5.3க்குப் பிந்தைய கர்னல்தான் என்று உறுதியாக இருந்தால் பிஐடிஎஃப்டிக்கு (செயல்முறையைக் குறிக்கும் டிஸ்கிரிப்டர்) மாறிவிடலாம். அங்கே -1 வெறும் கெட்ட டிஸ்கிரிப்டர், பிழை வரும், யாரும் சாக மாட்டார்கள்.

உற்பத்திச் சர்வரில் இது நடந்துவிட்டால் முதலில் தரவுத்தளங்களைப் பார்ப்பவரை அழையுங்கள். நிரலைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

## நல் சோதனை தாண்டிப் போய் விழுகிறது

எம்மேப் (கோப்பை நினைவகத்தில் வரையும் அழைப்பு) தோற்றால் நல் (வெற்று முகவரி) தராது. -1ஐ முகவரியாக்கித் தரும். மேப்_ஃபெயில்டோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்: கோப்பு திறக்கும் கிரியேட்ஃபைல் தோற்றால் இன்வாலிட்_ஹேண்டில்_வேல்யூ, அதாவது -1. ஈவென்ட் உருவாக்குவதும் செயல்முறையைத் திறப்பதும் தோற்றால் நல். இதற்கு மேல் அந்த -1 "இப்போதைய செயல்முறை" என்ற போலி ஹேண்டிலும்கூட. சோதிக்காமல் விட்டால் தோற்ற கோப்புக்குப் பதில் உங்கள் செயல்முறையையே பிடித்து ஆட்டுவீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஆவணத்தைப் பார்ப்பதைத் தவிரக் குறுக்கு வழியில்லை.

## ஹெடரில் செல்லாத எண்ணைச் சேர்த்ததும் வெளி நிரல்கள் உடைகின்றன

எதில் உடைகிறது என்பதைப் பொறுத்து:

கம்பைலில் உடைந்தால் பெயர் மோதல். இன்வாலிட்_ஐடி என்று பொதுவாகப் பெயர் வைத்தால் யாரோ ஒருவர் ஏற்கெனவே வைத்திருப்பார். துணையமைப்பின் பெயரை முன்னொட்டாகப் போடுங்கள். வெளியாவதற்கு முன்னால் என்றால் ஐந்து நிமிட வேலை.

32 பிட் நிரல் மட்டும் உடைந்தால் ஐடி புலம் லாங் வகையில் இருக்கிறது. 64 பிட் கர்னலில் அதன் அகலம் வேறு, ஸ்ட்ரக்ட்டின் அளவும் வேறு. ஐஆக்டல் (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) எண்ணிலேயே அளவு கலந்திருப்பதால் கர்னல் அந்த அழைப்பை அடையாளமே காணாமல் "இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டல் ஃபார் டிவைஸ்" என்று திருப்பும். இரு பக்கமும் ஸ்ட்ரக்ட்டின் அளவை அச்சிட்டு ஒப்பிடுங்கள். அகலம் நிலையான வகைக்கு மாற்றுங்கள். வெளியாகிவிட்டால் 32 பிட் வடிவத்தை மாற்றித் தரும் காம்பாட் அடுக்கு எழுத வேண்டும், அது விலை கூடிய வழி.

பழைய பைனரிகள் சத்தமில்லாமல் தப்பாக நடந்தால் யாரோ செல்லாத மதிப்பையே மாற்றியிருக்கிறார்கள். மதிப்பு பைனரிக்குள் பதிந்துபோனது. ஹெடரைத் திருத்துவதால் அது மாறாது. யூஐடி 16 பிட்டிலிருந்து 32க்குப் போனபோது கர்னல் இதை எப்படிச் சமாளித்தது என்று பாருங்கள்: பழைய அழைப்புகள் வழியாக 65535 வந்தால் உள்ளே நுழையும்போதே அதை 32 பிட் -1 ஆக மாற்றிவிடுகிறது, இன்றும். அதனால்தான் 65535ஐ எந்தப் பயனருக்கும் கொடுக்கக்கூடாது என்கிறார்கள், சிஸ்டம்டியும் அதைச் செல்லாத எண்ணாகவே பார்க்கிறது.

வெளியான மதிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், திருத்தத்தை அனுப்பும் முன்பே அந்தத் துணையமைப்பின் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் "பழையதை அப்படியே விட்டு, புதிதாக ஒரு ஃபிளாக் சேர்" என்பார்.